"ரெண்டு போடு ஆத்தா": வலிக்கு எண் கேட்ட அனுபவங்கள்

காரைக்குடியைச் சுற்றி வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிறேன். ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது "வலி எத்தனை?" என்று கேட்டுவிடுவேன். அந்த எண்ணை நான் நம்பிக்கொண்டிருந்த விதம் மாறிய நாளைப் பற்றி எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி. மூட்டு மாற்று அறுவை முடிந்து மூன்றாவது வாரம். வளவில் தூணோரமாக நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மகன் பக்கத்திலேயே நின்றார். காலை மெதுவாக மடக்கிக்கொண்டே கேட்டேன்: "பூஜ்ஜியம்னா வலியே இல்ல, பத்துன்னா தாங்கவே முடியாது. இப்ப எத்தனை ஆச்சி?"

"ரெண்டு போடு ஆத்தா."

நோட்டில் எழுதக் குனிந்தபோதுதான் கையைப் பார்த்தேன். முந்தானை நுனியை ஆள்காட்டி விரலில் இறுக்கிச் சுற்றியிருந்தார். விரல் நுனி வெளுத்துக் கிடந்தது. முழங்கால் 70 டிகிரிகூட மடங்கவில்லை.

மகனுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே முகப்புப் பக்கம் போனார். அதே கால், அதே மடக்கு. மறுபடி கேட்டேன்.

"எட்டு. அவன்கிட்ட சொல்லிறாத. டிக்கெட்ட மாத்திப்புட்டு இங்கனயே உக்காந்துருவான். அங்க வேலை போயிரும்."

முந்தைய இரண்டு வாரமும் மகன் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டு, அந்த ரெண்டையும் மூன்றையும்தான் டாக்டருக்கு அனுப்பியிருந்தேன். அதை வைத்து அவர் வலி மாத்திரையைக் குறைத்திருந்தார். ஆச்சி எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தாரோ! அந்தத் தவறு என்னுடையது. இன்றுவரை மனதை அரிக்கிறது.

அன்றிலிருந்து எண்ணுக்குப் பக்கத்திலேயே யார் கேட்டது, கூட யார் இருந்தது என்றும் குறித்து வைக்கிறேன். ஆச்சி பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஐஸ் தண்ணீரில் கையை வைக்கச் சொல்லி வலியைக் கேட்கும் சோதனை ஒன்று உண்டு. 1991இல் லெவினும் டி சிமோனும் கல்லூரி மாணவர்களிடம் அதைச் செய்தார்கள். கேட்டவர் பெண்ணாக இருந்தபோது ஆண்கள் வலியைக் குறைத்துச் சொன்னார்கள். அது பனிக்கட்டித் தண்ணீர், இது முழங்கால். ஆனால் எதிரே இருப்பவரைப் பார்த்துத்தான் வாய் எண்ணைச் சொல்கிறது.

எங்கள் தொழிலில் அழுத்தமானி என்று ஒரு கருவி இருக்கிறது. முனையை மூட்டில் வைத்து அழுத்திக்கொண்டே போவோம். வலி தொடங்கியதும் "போதும்" என்பார்கள். அதில் வரும் அளவு கருவியுடையது என்று நினைப்போம். அந்த "போதும்" யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

*

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். பிரசவ வார்டில் பல வருடம் செவிலியராக இருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை. ஒரு டூட்டியில் இருந்த அக்கா சத்தம் போட்டுக்கொண்டே இருப்பார். அவர் இருக்கும்போது பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு "பரவால்ல சிஸ்டர்" என்பார்கள். ஷிஃப்ட் மாறி நான் போய்த் தலையைத் தடவினால் பொலபொலவென்று அழுவார்கள். கேஸ் ஷீட்டைப் பார்த்தால் என் நேரத்தில்தான் வலி அதிகம் என்று இருக்கும். நான் கவனிப்பதால் வலி கூடிவிட்டதா என்று முதலில் குழம்பினேன். சொல்ல இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று. அம்மாவோ அப்பத்தாளோ கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் நிஜமாகவே தாங்குவார்கள். அது மறைப்பது இல்லை, மூச்சிலேயே தெரியும். 2018இல் வெளியான ஓர் ஆய்வில் துணைவர் கையைப் பிடித்தபடி இருக்கும்போது வலி குறைவதை அளந்திருக்கிறார்கள். அதனால் உறவு பக்கத்தில் இருப்பது எண்ணைக் கெடுக்கிறது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சில நேரம் வலியையே குறைக்கிறது.

*

எனக்குப் பள்ளத்தூர். எம்.ஃபார்ம் படிக்கும்போது சுண்டெலிகளைச் சூடான தட்டில் வைத்து, பாதத்தை நக்கும் வரை எத்தனை வினாடி என்று எண்ணுவோம். நான் எண்ணினால் ஒரு மாதிரி, கூடப் படித்த பெண் எண்ணினால் வேறு மாதிரி வரும். எனக்குக் கை நடுங்குகிறது என்று திட்டு விழுந்தது. பிற்பாடுதான் 2014இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் குழு வெளியிட்டது கண்ணில் பட்டது. ஆண் ஒருவர் அருகே இருந்தாலே எலி முகத்தில் வலிக் குறி குறைகிறதாம். ஆண் போட்டுக் கழற்றிய டி-ஷர்ட்டை வைத்தாலும் அதே கதை. அந்த வாசனையில் எலிக்கு மன அழுத்தம் ஏறி, வலி மட்டுப்படுகிறது. எங்கள் வித்தியாசத்துக்கும் அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வாய் பேசாத எலிக்கே இப்படி என்றால் ஆச்சியைக் குறை சொல்ல முடியுமா?

*

எழுதிய எல்லோருக்கும் நன்றி. தேவகோட்டை அக்கா சொன்னது சரி, அந்தப் பக்கத்தை நான் விட்டுவிட்டேன். அப்புறம் ஆச்சியின் மகனிடம் சொன்னீர்களா என்று தனியாகச் சிலர் கேட்டிருந்தார்கள். சொல்லவில்லை. டாக்டருக்கு மட்டும் எட்டு என்று சொன்னேன், மாத்திரையைக் கூட்டினார். மகன் ஊருக்குப் போன மறுவாரம் நான் காலை மடக்கிக்கொண்டிருக்கும்போது வீடியோ காலில் வந்தார். "வலி எப்படி ஆத்தா இருக்கு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லப்பா" என்று சிரித்துப் பேசி முடித்தார் ஆச்சி. போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அஞ்சு. எழுதிக்க."