பழைய கூப்பே, ரெண்டு டோர் வண்டிங்களுக்கு உள் சாமான் தேடிப் போன அனுபவம், எழுதுங்க

கூவம்கரை ஹெரால்டு

ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வச்சிருக்கவங்களுக்கு நான் புதுசா சொல்ல ஒண்ணுமில்ல. "ஸ்டாண்டர்டு சீட்டு இருக்கு சார்"னு யார் கூப்பிட்டாலும் போய்ப் பாத்தா நாலு டோர் சீட்டு, இல்லன்னா அதே கம்பெனியோட அடுத்த வண்டி கெஸலோட சீட்டு. நம்ம குட்டி கூப்பேல முன் சீட்டு கவுந்தாதான் பின்னாடி ஆள் ஏற முடியும், அந்தக் கவுர்ற ஃப்ரேம்தான் எங்கயும் சிக்காது. என் வண்டில இடது பக்கம் அப்படியே துருப்பிடிச்சு உதிர்ந்துடுச்சு.

புதுப்பேட்டைல சீட்டு மட்டும் விக்கிற ஒரு கடை, மாடில குவாலிஸ், சுமோ சீட்டெல்லாம் அடுக்கி வச்சதுக்கு அடியில கிடந்துச்சு. பாத்ததும் தெரிஞ்சிடுச்சு. குழாய் ஃப்ரேம் நேரா இருக்கு, ஹிஞ்ச் ரெண்டும் இருக்கு, லேசா லொடலொடன்னு ஆடுது அவ்வளவுதான். பேரம் முடிஞ்சுது. ஜிபே வேணாம் கேஷா குடுங்கன்னுட்டார், சரின்னு எழும்பூர் பக்கம் ஏடிஎம் தேடிப் போய், ஒண்ணு வேலை செய்யல, இன்னொண்ணுல காசில்ல, கடைசில எடுத்துட்டு ஒரு டீயும் அடிச்சிட்டு வரேன், கடை வாசல்ல வெல்டிங் பொறி பறக்குது. கடைக்காரர் ரெண்டு ஹிஞ்சையும் சுத்தி வெல்டு அடிச்சிட்டார். கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிட்டு சிரிக்கிறார். "ஆடிக்கிட்டே இருந்துச்சு தம்பி, இனிமே யானை உக்காந்தாலும் அசையாது. இதுக்குத் தனியா காசு வேணாம்."

அந்த மூஞ்சியப் பாத்து என்ன சொல்றது? பேசுன காசைக் குடுத்துட்டுத் தூக்கிட்டு வந்துட்டேன். அந்த "தனியா காசு வேணாம்" இருக்கே, அதான் இன்னும் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு.

மிட்லேண்ட்ஸ் ஜிடி6

ஐயோ 😂 பாவம் அந்த மனுஷன், நல்லது பண்றதா நினைச்சிருக்கார். என் கதை வேற மாதிரி. எங்கிட்ட இருக்கறது ட்ரையம்ஃப் ஜிடி6, உங்க ஹெரால்டு சேஸி வம்சம்தான், ஆனா ஆறு சிலிண்டர். டேஷ்போர்டு மரம், மேல மெல்லிசா வால்நட் மரம் ஒட்டின வெனீர், ஈரத்துல வீங்கி உரிஞ்சு வர ஆரம்பிச்சா அழகு போச்சு. இங்க இங்கிலாந்துல புது கார்ப்பெட், சீட் கவர், ரூஃப் லைனிங் எல்லாம் செட்டா கிடைக்குது, அதுல குறை சொல்ல முடியாது. எனக்குத்தான் பழைய ஒரிஜினல் மரம் வேணும்னு ஆசை.

பிப்ரவரில ஸ்டோன்லீல ட்ரையம்ஃப், எம்ஜி கார்களுக்கு ஸ்பேர்ஸ் சந்தை நடக்கும்ல, அங்க ஒரு தாத்தா டேபிளுக்கு அடியில டேஷ் முழுசா கிடந்துச்சு, வெனீர்ல ஒரு கீறல் இல்ல. ஜிடி6ல மார்க் 2 மாடலுதா மார்க் 3 மாடலுதான்னு சந்தேகம், போட்டோ எடுத்து ஃப்ரெண்டுக்கு வாட்ஸப்ல அனுப்பி ப்ளூ டிக் வருதான்னு பாத்துக்கிட்டு நிக்கறேன், பக்கத்துல இருந்து ஒரு கை வந்து தூக்கிடுச்சு. சரி, அவனுக்கும் வண்டி இருக்கும் போலன்னு கேட்டா, வண்டியே இல்லையாம்! வீட்டு பார்ல சுவத்துல மாட்டி மீட்டர் ஓட்டைல கடிகாரம் வைக்கப் போறானாம். கடிகாரம்!!

லேத்துப்பட்டறை

முதல்ல ஒரு திருத்தம். மெட்ராஸ்ல 1961ல இருந்து போட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு கூப்பே இல்ல, ரெண்டு டோர் சலூன், அதாவது சாதா குடும்பக் கார். அதோட மூலமான ட்ரையம்ஃப் ஹெரால்டோட கூப்பே 1959ல இங்கிலாந்துல வந்துச்சு, 1964லயே நிறுத்திட்டாங்க, கூரையே வேற. நான் சும்மா வம்புக்குச் சொல்லல, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இதே மாதிரி "கூப்பே"ன்னு சொல்லி வெளிநாட்டுல இருந்து டாப் லைனிங் வரவழைச்சு, கூரை அளவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாம மூட்டை கட்டி பரண்ல போட்டு வச்சிருக்கார். அப்புறம் நாலு டோர் ஹெரால்டு உலகத்துலயே நம்ம ஊர்லதான் போட்டாங்க, அதனால அந்த சீட்டு அதிகமா கிடைக்கறதுல ஆச்சரியம் ஒண்ணுமில்ல.

என் அனுபவம் சின்னதுதான், கதவு பேட், அதான் கதவோட உள் பக்க அட்டை, மாத்த விட்ட இடத்துல பையன் கண்ணாடி ஏத்துற ஹேண்டிலை ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பினான், பட்டுன்னு ஒரு சத்தம், இன்னிக்கு வரைக்கும் ஜோடி சேரல.

யாரும் நெம்பாதீங்க. ஹேண்டிலுக்குப் பின்னாடி வட்டமா ஒரு தட்டு இருக்கும், அதைக் கதவுப் பக்கமா அமுக்குங்க, உள்ள ஸ்ப்ரிங் இருக்கு, அமுங்குனதும் தண்டுல குறுக்க ஒரு பின் தெரியும், மெல்லிசு ஆணி வச்சுத் தட்டினா வந்துடும். அந்தப் பின்னைப் பத்திரமா வைங்க, கீழ விழுந்தா தேடவே முடியாது. கதவு பேட் பழசு ஊறி நைஞ்சு போயிருந்தாலும் தூக்கிப் போடாதீங்க, க்ளிப் ஓட்டை அளவுக்கு அதான் பேட்டர்ன். மறுபடி ஹார்டுபோர்டு போடாம வாட்டர்ப்ரூஃப் ப்ளைல வெட்டுங்க, கதவுக்கும் பேடுக்கும் நடுவுல பாலித்தீன் ஷீட் ஒட்டி அதோட கீழ் ஓரத்தைக் கதவுக்குள்ள சொருகுங்க. கண்ணாடி ஓரமா மழைத்தண்ணி உள்ள இறங்கத்தான் செய்யும், இறங்கறது தப்பில்ல, கதவு அடியில இருக்கற ஓட்டை வழியா வெளிய போகணும், அது மண்ணடைச்சிருந்தா நீங்க என்ன ரெக்ஸின் போட்டாலும் அடுத்த மழைல கீழ இருந்து உப்பும். ரெக்ஸினும் சோபாக்கு போடறத வாங்காதீங்க, வெயில்ல நின்னா வெடிச்சிடும்.

சாவகச்சேரி மைனர்

வணக்கம் அண்ணாமார். என்ரை மொறிஸ் மைனர் ரெண்டு கதவுதான், கூப்பே எண்டு சொன்னா லேத்து அண்ணை அடிக்க வருவார், அதால சொல்லேல்லை. மைனருக்கு இஞ்ச பாட்ஸ் கிடைக்கும், கொழும்பிலை ஸ்பேர் பாட்ஸ் கடையள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போனா ஏதோ ஒண்டு அம்பிடும், ஒரு காலத்திலை இலங்கையிலை இருந்து இங்கிலாந்துக்கே மைனர் வெளித்தகட்டு பாட்ஸ் அடிச்சு அனுப்பினவை. ஆனா உள் வேலை ஒரிஜினலாக் கேட்டா எல்லாரும் கையை விரிப்பினம்.

கொடிகாமத்துப் பக்கம் ஒரு வளவுக்குள்ளை வேலியோரம் ஒண்டு நிக்குது எண்டு கேள்விப்பட்டுப் போனன். சில்லு இல்லை, எஞ்சின் இல்லை, ஆனா பின் சீற் அப்பிடியே கிடக்கு, பச்சை நிறம், தையல்கூட விடேல்லை. அதுக்கு மேலை ஒரு கோழி. அம்மம்மா ஒராள் வந்தா, நான் விலை கேட்டன். "தம்பி, அது அடை கிடக்குது. குஞ்சு பொரிக்கட்டும், பிறகு வாங்கோ" எண்டா. கோழியைத் தூக்கி ஒரு பெட்டிக்கை வைப்பம் அம்மம்மா எண்டு கேட்டுப் பாத்தன், என்னைப் பாத்த பார்வையிலை நான் வந்த வழியாலையே திரும்பிட்டன். 21 நாள் கணக்கு. இப்ப என்னெண்டா கொழும்பிலை இருந்து ஒருத்தன் முழுக் காரையும் கேட்டு அவவின்ரை மகனுக்கு கோல் எடுக்கிறானாம். சனிக்கிழமை போகப்போறன், பொரிச்சாலும் சரி பொரிக்காட்டிலும் சரி.

பத்மினி பாஸ்கி

ஜிடி6 சார், சுவத்துல மாட்டினா என்ன தப்பு, அவன் காசு அவன் சுவர். நீங்க கையில எடுத்து வச்சிக்கிட்டு வாட்ஸப் பண்ணிருக்கணும்.

மிட்லேண்ட்ஸ் ஜிடி6

வண்டில போட வேண்டிய சாமான், இனிமே யாருக்கும் கிடைக்காத சாமான், அதுல கடிகாரமா? தப்புதான். இதுல நான் மாற மாட்டேன்.

கூவம்கரை ஹெரால்டு

லேத்து அண்ணே, கூப்பே இல்ல, சலூன், ஒத்துக்கறேன். ஆனா நான் கேட்டது சீட்டு, நீங்க கதவையே கழட்டி மாட்டிட்டீங்க. அந்த வெல்டிங்க அறுத்தா குழாய் தாங்குமா தாங்காதா, அத மட்டும் சொல்லுங்க. குழாய் மெல்லிசு, ஆளு நல்லா தடிமனா அடிச்சிருக்கார்.

லேத்துப்பட்டறை

அறுக்காதீங்க. சின்ன க்ரைண்டர்ல வெல்டை மட்டும் மேல இருந்து கொஞ்சம் கொஞ்சமா தேய்ச்சு எடுங்க, குழாய் தெரிய ஆரம்பிச்சதும் நிறுத்திட்டு ஹிஞ்ச் பின்னை ட்ரில் பண்ணி எடுங்க, புதுப் பின் நான் கடைஞ்சு தரேன். வலது பக்க சீட்டு நல்லா இருக்குல்ல? அதோட பின் விட்டம் அளந்து போடுங்க, வெர்னியர்ல அளங்க, ஸ்கேல் வேணாம்.