அமெரிக்காவிலிருந்து வந்த பழைய டர்ன்டேபிளை இங்கே வாங்கலாமா?

கேள்வி

வணக்கம். அப்பா சேர்த்து வைத்த எழுபது எல்.பி. இசைத்தட்டுகள் எங்கள் வீட்டில் இருக்கின்றன. பெரும்பாலும் திரைப்பாடல்கள், பத்துப் பதினைந்து கர்நாடக இசைக் கச்சேரிகளும் உண்டு. அவருடைய ரெக்கார்டு பிளேயர் நான் பள்ளியில் படித்தபோதே பழுதாகிவிட்டது. இப்போது அவருக்கு 74 வயதாகிறது. அவர் அந்தத் தட்டுகளை மறுபடியும் கேட்க வேண்டும் என்பதற்காகவே ஒரு பழைய டர்ன்டேபிளைத் தேடுகிறேன். 15,000 ரூபாய் வரை செலவிட முடியும்.

கோவையில் எங்கள் பகுதியிலேயே ஒருவர் இரண்டு வைத்திருக்கிறார். ஒன்று, மூடியிலேயே ஸ்பீக்கர் உள்ள பழைய பெட்டிப் பிளேயர், 6,000 ரூபாய். மற்றொன்று, அவருடைய உறவினர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பயனியர் பி.எல்.-12டி என்ற டர்ன்டேபிள், 13,000 ரூபாய். அதற்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைத்தால் போதும் என்கிறார். வீட்டில் ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கர்களும் உள்ளன. எதை வாங்குவது நல்லது?

மறுமொழி 1

அப்பாவின் தட்டுகளை நினைத்தால், பெட்டிப் பிளேயரை வேண்டாம் என்றே சொல்வேன். கார்ட்ரிட்ஜ் என்பது ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக மாற்றும் சிறு பகுதி. அந்த வகைப் பிளேயர்களில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ்தான் இருக்கும். அதன் ஊசி ஐந்து கிராமுக்கும் மேலான எடையோடு தட்டின்மேல் அழுந்தும். நல்ல காந்தக் கார்ட்ரிட்ஜுக்கு இரண்டு கிராம் அளவே போதும். ஸ்டீரியோ தட்டின் பள்ளத்தில் ஊசி பக்கவாட்டில் மட்டுமல்லாமல் மேலும் கீழும் அசைய வேண்டும். அத்தகைய பழைய பிளேயரின் மோனோ (ஒற்றை ஒலித்தடத்துக்கான) ஊசி அப்படி எளிதில் அசையாது என்பதால் பள்ளத்தின் சுவரையே சுரண்டிவிடும். தேய்ந்த தட்டை எந்தக் கருவியாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

பயனியர் நல்ல கருவிதான். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டுமே குறைக்கும். மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றாது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், நம் நாட்டில் 50 ஹெர்ட்ஸ். பி.எல்.-12டியில் உள்ள ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டார் அந்த ஹெர்ட்ஸைப் பின்பற்றியே சுழல்வதால், 60 ஹெர்ட்ஸுக்கான புல்லி (பெல்ட்டை இழுத்துத் தட்டைச் சுழற்றும் சிறு உருளை) அதில் இருந்தால் இங்கே வேகம் ஆறில் ஐந்து பங்காகக் குறைந்துவிடும். பாடகரின் குரல் மூன்று அரைச்சுரத்துக்கும் சற்று அதிகமாக இறங்கி, வேறு யாரோ பாடுவதுபோலக் கேட்கும்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. சுழலும் தட்டின் ஓரத்தில் சிறு துண்டுக் காகிதத்தை ஒட்டி, 33⅓ வேகத்தில் (நிமிடத்துக்கு 33⅓ சுற்று) வைத்து, கைபேசிக் கடிகாரத்தில் சரியாக மூன்று நிமிடங்கள் எண்ணுங்கள். நூறு சுற்று வர வேண்டும். எண்பத்து மூன்றில் நின்றால் அது 60 ஹெர்ட்ஸ் புல்லி.

மறுமொழி 2

வேகத்தோடு ஊசியையும் பார்த்துவிடுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு நேராக இருக்கிறதா, முனையில் தூசு கெட்டியாகப் படிந்திருக்கிறதா என்பது அதில் தெரியும். எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரியாத ஊசியை நம்ப வேண்டாம். புதிய ஊசிக்கான பணத்தையும் உங்கள் 15,000க்குள்ளேயே ஒதுக்குங்கள். ஊசியையும் கார்ட்ரிட்ஜையும் தாங்கும் கையான டோன் ஆர்மை இரு விரல்களால் மிக மெல்ல அசைத்துப் பாருங்கள். அதன் அச்சில் ஆட்டம் இருந்தால் எவ்வளவு குறைந்த விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள்.

ஆம்ப்ளிஃபையரின் பின்புறம் 'ஃபோனோ' என்ற இணைப்பு உள்ளதா? காந்தக் கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான். அந்த இணைப்பு இல்லையென்றால் அந்தச் சிறு மின்னழுத்தத்தைப் பெரிதாக்கித் தரும் ஃபோனோ ப்ரீஆம்ப் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று மாலை போய் எண்ணினேன். மூன்று நிமிடத்தில் 83 சுற்றுதான் வந்தது. விற்பவர் தானும் எண்ணிப் பார்த்துவிட்டு, விலையை 9,000 ஆகக் குறைத்தார். ஆர்மில் ஆட்டம் இல்லை. என் ஆம்ப்ளிஃபையரில் ஃபோனோ இணைப்பு இருக்கிறது. வேகத்தைச் சரிசெய்ய வழி உண்டா?

மறுமொழி 1

உண்டு. மோட்டாரின் மேல் உள்ள புல்லியின் இரண்டு படிகளும், அதாவது 33க்கும் 45க்கும் உரியவை, இப்போதுள்ள விட்டத்தைப்போல 1.2 மடங்கு ஆக வேண்டும். 50 ஹெர்ட்ஸ் புல்லி கிடைத்தால் அதையே போடுங்கள். கிடைக்காவிட்டால், கோவையில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? பழைய புல்லியைக் கழற்றிக் கொண்டுபோய், பித்தளையில் கடைந்து தரச் சொல்லுங்கள். நடுத்துளை மயிரிழைகூட விலகக் கூடாது என்பதை அழுத்திச் சொல்லுங்கள். விலகினால் நாதஸ்வரமும் வயலினும் நீளமாகப் பிடிக்கும் ஒவ்வொரு சுரமும் அலைபோல ஆடும். டிரான்ஸ்ஃபார்மரை 120 வோல்ட்டுக்குப் பதிலாக 100 வோல்ட்டுக்கு வாங்குங்கள். வோல்ட்டும் ஹெர்ட்ஸைப்போலவே ஆறில் ஐந்து பங்காகக் குறைவதால், 50 ஹெர்ட்ஸில் அந்த மோட்டார் அதிகம் சூடாகாமல் ஓடும். பெல்ட்டையும் புதிதாக மாற்றிவிட்டு, அப்பாவைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு மீண்டும் ஒருமுறை மூன்று நிமிடம் எண்ணிப் பாருங்கள்.