பறப்பதற்கு முன் குவளையில் எண்ணெய் பிடித்துப் பார்ப்பது எதற்கு?

செந்தூல்_அப்பா:
வணக்கம். என் மகள் சுபாங்கில் சின்ன விமானம் ஓட்டப் பழகுகிறாள். செஸ்னா 172. போன வாரம் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். இறக்கைக்கு அடியில் குனிந்து ஒரு பிளாஸ்டிக் குவளையில் எண்ணெய் பிடிக்கிறாள், தூக்கிப் பார்க்கிறாள், நகர்ந்து போய் மறுபடி பிடிக்கிறாள். பத்துப் பன்னிரண்டு தடவை இருக்கும். கேட்டால், "தண்ணி இருக்கான்னு பாக்குறேன்பா" என்கிறாள். என் காடிக்கு இத்தனை வருஷமாக எண்ணெய் ஊற்றுகிறேன், ஒரு நாளும் இப்படிப் பார்த்ததில்லை. விமானத்துக்கு மட்டும் தண்ணீர் எங்கிருந்து வரும்? வந்தால் உண்மையிலேயே விழுந்துவிடுமா? அவள் அம்மாவுக்குத் தெரியாமல் கேட்கிறேன்.

பழைய_ஸ்பேனர்:
அண்ணே, ஹேங்கரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளை சரியாகத்தான் செய்கிறாள். புதிய 172-இல் ஒவ்வோர் இறக்கைக்கும் ஐந்து, வயிற்றுக்கு அடியில் மூன்று என்று மொத்தம் 13 இடத்தில் பிடிக்க வேண்டும்.

தண்ணீர் வர இரண்டு வழி. தொட்டி இறக்கைக்குள் இருக்கிறது, மூடி இறக்கையின் மேல். மூடிக்கு அடியில் உள்ள ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து வெடித்தால், சாயங்கால மழை நேரே உள்ளே இறங்கும். நம் ஊர் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா! இன்னொன்று, பாதித் தொட்டியோடு இரவெல்லாம் நின்றால் உள்ளே உள்ள ஈரக் காற்று குளிர்ந்து சுவரில் வேர்க்கும். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம், அதனால் அடியில் போய் உட்காரும். என்ஜினுக்குப் போகும் குழாயும் அடிப்பக்கத்தில்தான் தொடங்குகிறது.

பயப்பட வைப்பது இதுதான்: என்ஜின் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். ஓடுபாதை வரை போகும், அங்கே வேகம் ஏற்றிச் சோதித்தாலும் தேறிவிடும். குழாயிலும் வடிகட்டியிலும் முன்பே நின்ற நல்ல எண்ணெய் அதற்குப் போதும். மூக்கைத் தூக்கி ஏறும்போது அடியில் கிடந்த தண்ணீர் நகர்ந்து குழாய்க்குள் போகிறது. அப்போது உயரம் சில நூறு அடிதான். காடி இழுத்து இழுத்துப் போனால் ஃபெடரல் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒதுக்கி நிறுத்தலாம். அங்கே ஓரம் ஏது?

பாயான்_லெப்பாஸ்_மேகம்:
தொட்டியை ராத்திரியே நிரப்பி வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

பழைய_ஸ்பேனர்:
வேர்ப்பது குறையும், மூடி வழியாக வரும் மழை குறையாது. அப்புறம், காலையில் நான்கு பேர் ஏறுவதாக இருந்தால் நிறைந்த தொட்டியோடு எடை தாண்டிவிடும். அதனால்தான் பாதியில் நிறுத்துகிறார்கள்.

அண்ணே, ஒன்றை மகளிடம் கேட்டுப் பாருங்கள். குவளையில் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து வந்தால் நடுவில் கோடு தெரியும், யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். குவளை முழுக்கத் தண்ணீராக இருந்தால்? கோடே இருக்காது, பளிச்சென்று சுத்தமாகத் தெரியும். அவசரத்தில் இருப்பவன் "நல்லா இருக்கு" என்று போய்விடுவான். அதனால் நிறம் பார்க்க வேண்டும். இந்தச் சின்ன விமானங்களுக்கு ஊற்றும் 100எல்எல் பெட்ரோலுக்கு நீலச் சாயம் போட்டிருப்பார்கள். விமானத்தின் வெள்ளைப் பெயின்ட்டுக்கு முன்னால் பிடித்தால் நீலம் தெரியும். தெரியவில்லை என்றால் மோந்து பார்க்கட்டும்.

பாயான்_லெப்பாஸ்_மேகம்:
ஜெட் எண்ணெயைத் தவறிப் போய் ஊற்றிவிடுவது இதைவிட மோசம் இல்லையா?

பழைய_ஸ்பேனர்:
மோசம்தான். அமெரிக்காவில் பாப் ஹூவர் என்று சாகச விமானி. பெட்ரோலில் ஓடும் அவருடைய விமானத்தை, அதே போலத் தெரியும், ஜெட் எண்ணெயில் ஓடும் டர்போ விமானம் என்று நினைத்து ஜெட் எண்ணெயை நிரப்பிவிட்டார்கள். குழாயில் இருந்த மிச்சப் பெட்ரோலில் மேலே போனார், இரண்டு என்ஜினும் நின்றன. ஆள் பிழைத்தார். ஜெட் எண்ணெய்க் குழாயின் முனையை அகலமாக, தட்டையாகச் செய்து, பெட்ரோல் தொட்டியின் வாயில் நுழைய முடியாதபடி வளையம் போட்டது அதற்கு அப்புறம்தான். ஆனால் ஹெலிகாப்டருக்கு ஊற்ற வேண்டும் என்று அந்த முனையைக் கழற்றிச் சின்னதை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதோடு பாதுகாப்பு போச்சு.

இரண்டும் கலந்துவிட்டால் நீலம் வெளிறும், முழுசாகப் போகாது, கண்ணை நம்ப முடியாது. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். பெட்ரோல் மட்டும் என்றால் காய்ந்து காணாமல் போகும். ஜெட் எண்ணெய் கலந்திருந்தால் வடை மடித்த நாளிதழ் மாதிரி பிசுக்கு நிற்கும்.

செந்தூல்_அப்பா:
நன்றி தம்பி. எண்ணெய் லாரி வந்து ஊற்றிய உடனேயே பிடித்துப் பார்க்கலாமா?

பழைய_ஸ்பேனர்:
உடனே வேண்டாம். ஊற்றும்போது எல்லாம் கலங்கி இருக்கும், தண்ணீர் கீழே இறங்கக் கொஞ்ச நேரம் விட வேண்டும். அதற்குள் டயர், இறக்கை எல்லாம் பார்த்துவிட்டு வரட்டும். தண்ணீர் வந்தால், இறக்கையைப் பிடித்து லேசாக ஆட்டிவிட்டு மறுபடி பிடிக்கட்டும். சுத்தமாக வரும்வரை விடக் கூடாது. வந்துகொண்டே இருந்தால் அன்றைக்குப் பறக்க வேண்டாம், ஹேங்கரில் சொல்லிவிடச் சொல்லுங்கள்.