நேரடிச் சூத்திரமா, முற்றுக்கோவையா?

மடல் 1
அன்புள்ள குழுவினருக்கு, நிரலாக்கப் பாடம் ஒன்று நாளை மாலை அச்சுக்குப் போகிறது. கணக்கு இது: 1000க்குக் குறைந்த எண்களில் 3 அல்லது 5ஆல் வகுபடுபவற்றின் கூட்டுத்தொகை. மடக்கில் (ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல் பகுதியில்) 999 முறை சுற்றலாம். சுற்றாமலும் முடிக்கலாம் (999ஐ 3, 5, 15ஆல் வகுத்த ஈவுகள் 333, 199, 66):
3×333×334/2 + 5×199×200/2 − 15×66×67/2
= 166833 + 99500 − 33165 = 233168.
இருமுறை சேர்ந்துவிடும் 15இன் மடங்குகளைத்தான் கழிக்கிறோம். இந்த வழிக்கு வரைவில் ‘மூடிய வடிவம்’ (closed form) என்றிருக்கிறது. மாணவர் வட்டம், முக்கோணம் என்று எண்ணிக்கொள்வார். வேறு சொல் தாருங்கள்.

மடல் 2
‘நேர்வாய்பாடு’. சூத்திரம் வடசொல், வேண்டாம். ‘மூலக்கூறு வாய்பாடு’ வேதியியலில் நன்றாக ஊன்றிவிட்டதே.

மடல் 3
வாய்பாடு என்றதும் பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்பாடுதான் நினைவில் எழும். யாப்புப் படித்தவருக்கோ நேர் என்றால் அசை. வெண்பாவின் ஈற்றில் அதற்கு வாய்பாடு ‘நாள்’. சூத்திரத்தைத் தொல்காப்பியரே செய்யுளியலில் ஆள்கிறார், நாம் ஏன் விரட்ட வேண்டும்? ‘சில்வகை எழுத்தில் பல்வகைப் பொருளை’ என்று நன்னூல் தரும் இலக்கணம் இங்கே அச்சாகப் பொருந்துகிறது. ‘நேரடிச் சூத்திரம்’ போதும்.

மடல் 4
ஐயா, யாப்பை இழுத்தால் உங்கள் சொல்லும் தப்பாது. நாற்சீர் அளவடிக்கு நேரடி என்றும் பெயர் உண்டு. என் பரிந்துரை ‘முற்றுக்கோவை’. 1 + 2 + … + 333 என்பது எச்சம். முடிக்க இன்னொரு வினையை வேண்டி நிற்கிறது. 333×334/2 முற்று. எண் எவ்வளவு பெரிதானாலும் செய்கைகள் கூடுவதில்லை. இந்தக் கருத்தின் உயிரே அதுதான். ‘நேரடி’ அதைச் சொல்லவில்லை.

மடல் 3 எழுதியவர்
அழகான சொல்தான். ஆனால் கோவை என்றால் சிற்றிலக்கியம் நினைவுக்கு வராதா? முற்றுப்போல் வந்து எச்சமாகப் பொருள்தரும் முற்றெச்சத்தை எங்கே வைப்பீர்கள்?

மடல் 4 எழுதியவர்
இயற்கணிதக் கோவை பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. வெளியே சூத்திரம்போல் தோன்றி உள்ளே மடக்கை ஒளித்து வைத்திருப்பதே முற்றெச்சம்!

மடல் 1 எழுதியவர்
மூவர் தனிமடலில் ‘நேரடிச் சூத்திரம்’ என்றதால் அதையே இடுகிறேன். அதன் கீழே மூன்று எச்சரிக்கைகள் வருகின்றன. 333/2 என்று முதலிலேயே வகுத்தால் முழு எண் வகுத்தல் 166 என்று நிறுத்திவிடும். 3இன் பங்கில் 501 குறையும். 999க்குப் பதில் 1000ஐ வகுத்தால் 1000மும் உள்ளே வந்து விடை 234168 ஆகும். எல்லை 1,00,000 ஆனால் விடை 2333316668. கூட்டல், கழித்தல் குறியுள்ள 32 பிட் முழு எண்ணின் உச்சமோ 2147483647. ஆகவே 64 பிட் எடுக்க வேண்டும்.

மடல் 4 எழுதியவர்
அச்சுக்குப் போகட்டும். ஆனால் 1 + 2 + … + 333 என்பதையும் ஒரு மாணவர் ‘நேரடி’ என்று எழுதினால் எந்தச் சொல்லைக் காட்டி மறுப்பீர்கள்? அருஞ்சொல் பட்டியலிலாவது முற்றுக்கோவை இருக்கட்டும்.