மழையில் ஓரம் தூக்கிய ஓக் பலகைகள்: கூடத்துக்கு எந்த மரத்தைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி

திருவான்மியூரில், கடற்கரைக்கு அரைக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள பழைய தனி வீட்டில் வசிக்கிறோம். சென்ற ஏப்ரலில், தரைத்தளப் படுக்கையறையின் மொசைக் தரைமீது 12 மி.மீ. பிளைவுட்டைத் திருகாணிகளால் இறுக்கி, அதன்மேல் 18 மி.மீ. தடிமனும் 5 அங்குல அகலமும் கொண்ட இறக்குமதி வெள்ளை ஓக் பலகைகளைப் பதித்தோம். ஐப்பசி மழை பிடித்த மூன்றாவது வாரத்தில், வெறுங்காலோடு நடக்கையில் ஒவ்வோர் இணைப்பும் பாதத்தில் நெருடத் தொடங்கியது. எஃகு அளவுகோலைப் பலகையின் குறுக்கே வைத்தால், இரு ஓரங்களும் தூக்கியிருக்க, நடுவில் மூன்று விசிட்டிங் கார்டுகள் தடையின்றி நுழைகின்றன.

மரம் போதிய கடினமாக இல்லாததே காரணம் என்றும், கூடத்துக்கு இதைவிடக் கடினமான மரத்தை வாங்கினால் சிக்கல் வராது என்றும் கடைக்காரர் சொல்கிறார். இப்போதே இயந்திரத்தால் தேய்த்துச் சமப்படுத்தலாமா? கூடத்துக்கு எந்த மரம் பொருந்தும்?

மறுமொழி 1: மரவேலை ஒப்பந்தக்காரர்

ஐயா, கடினத்துக்கும் வீக்கத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கடினம் என்பது நாற்காலிக் காலும் கீழே விழுந்த பாத்திரமும் பள்ளம் போடாமல் தாங்கும் திறன் மட்டுமே. அந்த அளவில் வெள்ளை ஓக் தேக்கை விஞ்சும்; ஆனால் ஈரத்துக்கு அசைவதில் தேக்கு ஓக்கில் பாதிதான்.

கணக்காகவே சொல்கிறேன். மரத்தின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு கூடினால், வழக்கமான அறுப்பில் வந்த வெள்ளை ஓக் பலகை தன் அகலத்தில் ஏறத்தாழ 0.37 விழுக்காடும், தேக்கு ஏறத்தாழ 0.19 விழுக்காடும் விரியும். 8 விழுக்காட்டில் உலர்த்தி வந்த பலகை நம் மழைக்காலத்தில் 14 விழுக்காட்டை எட்டினால், உங்கள் 5 அங்குல ஓக் பலகை ஒவ்வொன்றும் இரண்டே முக்கால் மி.மீட்டராவது விரியப் பார்க்கும். 12 அடி அகல அறையில் அப்படிப்பட்ட பலகைகள் 29 இருக்கும். மொத்தம் 75 மி.மீட்டருக்கு மேல் இடம் கேட்கும். சுவரோரத்தில் நாம் விடுவதோ 10 அல்லது 12 மி.மீ. இடைவெளிதான். ஆணியும் பக்கத்துப் பலகையும் அந்த விரிவில் பெரும்பகுதியை அடக்கிவிடும் என்றாலும், அடங்கிய விசை எங்காவது வெளிப்பட்டே தீரும்.

ஆனால் உங்கள் வீட்டில் ஓரம் மட்டும் தூக்கியிருப்பதால், பலகையின் அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட ஈரமாக இருக்கிறது என்று தெரிகிறது. இரவு முழுவதும் ஏ.சி. ஓடும் அறையென்றால் மேல்பக்கம் இன்னும் காய்ந்து, வளைவு கூடும். ஆகவே எந்த மரம் என்ற கேள்விக்கு முன், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தேய்க்கும் வேலையை இப்போது தொடவே வேண்டாம்.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்

மொசைக் தரைக்குள் இறக்கிய திருகாணித் துளை ஒவ்வொன்றும் கீழிருந்து ஓதம் ஏறுவதற்கு நாமே திறந்துவிட்ட வழியாகும். பிளைவுட்டுக்குக் கீழே ஈரத்தடுப்புப் பூச்சோ தாளோ இருப்பதாக நீங்கள் குறிப்பிடவில்லை.

ஒன்றரை அடிச் சதுரமான தெளிந்த பாலித்தீன் தாள்களை, கூடத்தில் இரண்டு மூன்று இடங்களிலும், மரத்தை யோசிக்கும் வேறு அறைகளிலும், நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒருநாள் முழுவதும் விட்டுவையுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி கோத்தாலோ தரை கறுத்தாலோ, அந்த இடத்தில் எந்த மரமும் நிலைக்காது. தாள் காய்ந்திருப்பதால் மட்டும் தரை உலர்ந்துவிட்டது என்று முடிவுகட்டவும் கூடாது. மழைக்காலத்தில் மறுமுறை பார்க்க வேண்டும். அத்துடன், வெளிப்புறச் சுவரை ஒட்டிய மண் உங்கள் உள்தரை மட்டத்தைவிட உயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மறுமொழி 3: குன்னூர் வாசி

எங்கள் பழைய வீட்டின் மரத்தரை, நிலத்துக்கு இரண்டடி உயரத்தில் உத்தரங்களின்மீது நிற்கிறது. எலி நுழைகிறதென்று அடித்தளச் சுவரின் காற்றுத் துளைகளை ஒருமுறை சிமெண்ட் வைத்து அடைத்தோம். இரண்டே மழைக்காலத்தில் உத்தரத்தின் முனைகள் விரலால் அழுத்தினால் உள்ளே போகுமளவுக்கு உளுத்துவிட்டன. இப்போது துளைகளைத் திறந்து கம்பிவலை அடித்திருக்கிறோம். இன்னொன்று: உங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம் இருந்தால், கூடத்தில் மரம் வேண்டாம். மாமியாரிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. கூடத்தில் இரண்டு தாள்களும் மாடியறையில் ஒன்றுமாக ஒட்டினேன். தோட்டத்துச் சுவரை ஒட்டிய தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. கூடத்தின் நடுவில் தரை இலேசாகக் கறுத்திருந்தது. மாடியில் முற்றிலும் உலர்வு. பொறியாளர் ஐயா கேட்டபடி வெளியே அளந்தபோது, மனைவி நாள்தோறும் நீர் ஊற்றும் பூப்பாத்தியின் மண் உள்தரைக்கு ஐந்து அங்குலம் மேலே நின்றது, படுக்கையறைச் சுவர் நெடுகவும்தான். பாத்தியைத் தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறோம். மாடியறைக்கு, காரைக்குடியில் பழைய வீடுகளைப் பிரித்து விற்கும் பர்மா தேக்கை வாங்கலாமா?

மறுமொழி 1: மரவேலை ஒப்பந்தக்காரர்

தாராளமாக வாங்கலாம். பல்லாண்டுகள் கூரையில் காய்ந்த மரத்தைப் போன்ற நல்ல மரம் புதிதாகக் கிடைப்பது அரிது. பலகையின் முனையைப் பாருங்கள்: வளையக் கோடுகள் நெட்டுக்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகை, படுக்கையாக அறுத்ததைவிடப் பாதியளவே அசையும். அகலம் மூன்றரை அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். வெளிறிய ஓரம் இருந்தால் கழித்துவிடுங்கள். கரையானும் வண்டும் அங்கேதான் முதலில் வாய்வைக்கும், வைரம் பாய்ந்த பகுதியை எளிதில் தொடாது. அறுக்கக் கொடுக்குமுன் காந்தத்தைத் தடவி ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள். ஓர் ஆணியில் வாள் பட்டால், கூலியோடு வாளின் விலையையும் சேர்த்துக் கேட்பார்கள்.

கூடத்தைப் பொறுத்தவரை, நானாக இருந்தால் மொசைக்குக்கு மெருகேற்றி அப்படியே விட்டுவிடுவேன். கட்டாயம் மரம் வேண்டுமென்றால், ஓதம் அடங்கியபின் ஈரத்தடுப்பு எபாக்சி பூசி, நீர்தாங்கும் பிளைவுட் அடியும் குறைந்தது 3 மி.மீ. அசல் மர மேலடுக்கும் உள்ள அடுக்குப் பலகையை, திருகாணி இல்லாமல் பசையால் ஒட்டலாம். மேலடுக்கு அரை மி.மீ. என்றால் ஒருமுறைகூடத் தேய்க்க முடியாது. ஆகவே கடையில் வெட்டுமுகத்தைக் காட்டச் சொல்லி அளவு பாருங்கள்.

படுக்கையறை ஓக்கைப் பங்குனி வரை விட்டுவையுங்கள். இப்போது ஓரங்களைத் தேய்த்துச் சமமாக்கினால், பலகை காய்ந்து அமரும்போது ஓரம் தாழ்ந்து நடு மேடாக நிற்கும். அதைச் சரிசெய்ய மறுபடியும் மரத்தைத்தான் இழக்க வேண்டும். அதற்குள் பிளைவுட் கறுத்திருக்கிறதா என்று பார்க்க, அலமாரிக்கு அடியில் ஒரேயொரு பலகையை மட்டும் கழற்றி, புகைப்படம் எடுத்து இங்கே இடுங்கள்.