எம்எஸ் உள்ள தங்கச்சிக்குச் சாப்பாட்டில் எதை விடுவது, எதை விடக்கூடாது?

வெள்ளவத்தை அக்கா:
எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சிக்கு 29 வயது, போன வருடம்தான் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து எம்எஸ் (மல்டிபிள் ஸ்க்லரோசிஸ், மூளை, முள்ளந்தண்டு நரம்புகளைத் தாக்கும் வருத்தம்) என்றார்கள். ஊசி தொடங்கியாகிவிட்டது, கிளினிக்குக்கும் ஒழுங்காகப் போகிறாள். பிரச்சினை சாப்பாட்டில்தான். கனடாவில் இருக்கும் மாமி வாட்ஸ்அப்பில் வீடியோவுக்கு மேல் வீடியோ அனுப்பி, பால் கூடாது, கோதுமை கூடாது, பருப்பு கூடாது, தேங்காய்ப்பால் கூடவே கூடாது என்று சொல்ல, இவள் இப்போது அவித்த மரக்கறியும் கொஞ்சம் சோறும் மட்டும்தான். நாங்கள் சைவம் வேறு. ஆள் நன்றாக மெலிந்துவிட்டாள், பின்னேரம் வேலையால் வந்தால் கட்டிலை விட்டு எழும்ப ஏலாத களைப்பு. புட்டுக்கு ஒரு கரண்டி சொதிகூட விடுகிறாள் இல்லையே என்று அம்மாவுக்குப் பெரிய கவலை. சாப்பாட்டால் இந்த வருத்தம் உண்மையிலேயே கூடிக் குறையுமா?

கொட்டாஞ்சேனை ரூபன்:
அக்கா, எனக்கும் எம்எஸ்தான், பல வருடமாக. ஊசியை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்த விடாதீர்கள், அந்த இடத்தை எந்தச் சாப்பாடும் பிடிக்காது. ஆனால் அன்றாடம் உடம்பு எப்படி இருக்கிறது என்பதில் சாப்பாட்டுக்குப் பங்கு உண்டு. மத்தியானம் வயிறு முட்டச் சோறு சாப்பிட்டால் எனக்கு அன்று பின்னேரம் ஒன்றும் ஓடாது, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் சமாளிக்கலாம். தண்ணீர் விஷயத்தைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். அடிக்கடி சலம் போக வேண்டி வருகிறது என்று எங்களில் பலர் தண்ணீரைக் குறைத்துவிடுவோம், அதனால் மலச்சிக்கல் வரும், சலத்தில் கிருமி பிடிக்கவும் இடமுண்டு, கிருமி பிடித்து லேசாகக் காய்ச்சல் வந்தாலே பழைய விறைப்பும் தள்ளாட்டமும் திரும்ப வந்து, வருத்தம் முற்றிவிட்டதோ என்று பயந்து போவோம். உடம்புச் சூடு ஏறினாலும் அப்படித்தான். ஆகையால் கொழும்பு வெயிலில் அடுப்படியில் நிற்கிற வேலையை அவளுக்குக் கொடுக்காமல், குளிர்ந்த தண்ணீர் ஒரு போத்தல் எப்போதும் கையில் இருக்கட்டும்.

தெஹிவளை நிஷா:
நான் உணவு ஆலோசகராக வேலை செய்கிறேன். மாமி சொல்வது பெரும்பாலும் டெரி வால்ஸ் என்ற அமெரிக்க டொக்டரின் முறை. அவருக்கே எம்எஸ் இருக்கிறது. தானியம், பருப்பு, பால், முட்டை எல்லாவற்றையும் ஒதுக்கும் முறை அது. அதற்கு முன்பே ரோய் ஸ்வாங்க் என்றொருவர் நிறைகொழுப்பை (பட்டர், நெய் போன்றவற்றில் இருக்கும் கொழுப்பு) குறைக்கச் சொன்னார், 144 பேரை 34 வருடம் கவனித்து 1990இல் வெளியிட்டார், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு அதில் இல்லை. அவர் முறையில் கோதுமையும் சாப்பிடலாம், கொழுப்பு நீக்கிய பாலும் குடிக்கலாம். 2021இல் வெளிவந்த ஆய்வொன்றில் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரண்டு குழுவிலுமே களைப்பு குறைந்தது! ஒன்று பாணை விலக்குகிறது, மற்றது விலக்கவில்லை, பலனோ இரண்டிலும். வழக்கமான சாப்பாட்டோடு இருந்த குழு அதிலும் இல்லைதான். என்றாலும் எனக்குப் படுவது, பொரியலையும் பேக்கரிச் சாமானையும் விட்டு மரக்கறி நிறையச் சாப்பிட்டதே உதவியிருக்க வேண்டும்.

உங்கள் தங்கச்சியில் எனக்குக் கவலை விற்றமின் பி12 தான். சைவக்காரருக்கு அது பாலிலும் தயிரிலும்தான் வர வேண்டும், அதையும் நிறுத்தினால் காலப்போக்கில் குறையும். அது குறைந்தாலே கை கால் விறைக்கும், நடை தடுமாறும், களைக்கும், எம்எஸ்ஸா பி12 குறைபாடா என்று பிரித்தறிய முடியாது. இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். தயிரும் பருப்பும் கடலையும் உடனே திரும்ப வரட்டும். சிவப்பரிசிச் சோறு, குரக்கன் புட்டு, வல்லாரைச் சம்பல், முருங்கையிலை எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். தேங்காய்ப்பாலில் நிறைகொழுப்பு கூடத்தான், அதனால் தினம் மூன்று வேளையும் முதற்பாலில் கறி வேண்டாம், இரண்டாம் பாலில் வைத்த சொதியை அம்மா தைரியமாக விடலாம்.

வெள்ளவத்தை அக்கா:
இருவருக்கும் மிக்க நன்றி. இதை அப்படியே அவளுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். இன்னும் இரண்டு கேள்வி. விற்றமின் டி குளிசை கூடிய அளவில் எடுக்கச் சொல்கிறார்கள், சரியா? எதிர்ப்புச் சக்திக்கு என்று தெரிந்தவர் ஒருவர் சீந்தில், அமுக்கிரா போட்ட லேகியமும் தந்திருக்கிறார்.

தெஹிவளை நிஷா:
விற்றமின் டியை முதலில் அளந்து பாருங்கள், குறைவென்றால் டொக்டர் சொல்லும் அளவில் எடுக்கலாம். 2025இல் வந்த பிரெஞ்சு ஆய்வில், நோய் அப்போதுதான் ஆரம்பித்து வேறு மருந்து தொடங்காதவர்களுக்கு உயர்ந்த அளவு உதவியது. ஏற்கெனவே மருந்தில் இருப்பவர்களிடம் செய்த வேறு ஆய்வில் கூட்டிக் கொடுத்தும் பலன் தெரியவில்லை. தாமாகவே அள்ளிப் போட்டால் இரத்தத்தில் கல்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும்.

லேகியம் வேண்டாம் அக்கா. எம்எஸ்ஸில் அந்த எதிர்ப்புச் சக்திதானே நரம்பின் உறையைத் தாக்குகிறது, அதைத் தூண்டிவிட்டு என்ன செய்ய? சீந்திலால் ஈரல் பாதிக்கப்பட்ட நோயாளிகளைப் பற்றி இந்திய டொக்டர்மார் 2021இல் எழுதியிருக்கிறார்கள், எம்எஸ் மருந்து சிலதும் ஈரலைத் தொடக்கூடியவை.

கொட்டாஞ்சேனை ரூபன்:
அவள் ஏற்கெனவே குடித்திருந்தால் மறைக்க வேண்டாம், அடுத்த கிளினிக்குக்குப் போத்தலையும் எடுத்துப் போய் டொக்டரிடம் காட்டுங்கள், ஈரல் டெஸ்ட்டையும் பி12ஐயும் ஒரே இரத்தத்தில் பார்த்துவிடலாம்.