எம்.எஸ். நோயோடு எதிர்பாராமல் வந்த கர்ப்பம்: தொடர்வதா, கலைப்பதா?

கௌண்டன்யக்கரை:

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 31. மூன்று ஆண்டுகளுக்கு முன் இடக் கண்ணில் புகை படிந்தாற்போல் பார்வை மங்கி, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.), அதாவது நரம்பின் உறை தேயும் நோய், என்று தெரிந்தது. மறு ஆண்டு இடக் கை மரத்துப்போயிற்று. ஸ்டீராய்டு டிரிப்ஸ் ஏற்றிய பின் பெரும்பாலும் சரியாகிவிட்டது. ஆனாலும் இன்றைக்கும் பர்ஸுக்குள் அந்தக் கையை விட்டால், வருவது ஒரு ரூபாயா இரண்டு ரூபாயா என்று கண்ணால் பார்த்துத்தான் சொல்ல முடிகிறது. நோய்க்கு ஒன்றரை ஆண்டாக டெரிஃப்ளூனமைடு என்ற மாத்திரை சாப்பிட்டு வந்தேன்.

ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இரண்டாவது குழந்தை எங்கள் கணக்கிலேயே இல்லை. நாள் தள்ளிப்போனதை அக்னி நட்சத்திரத்து அசதி என்று நினைத்து விட்டுவிட்டேன். சென்ற வாரம் ஸ்கேன் எடுத்தபோது ஏழு வாரம் என்றார்கள். இந்த மாத்திரை சாப்பிடும் காலத்தில் கரு தரிக்கக் கூடாது என்று, அதை எழுதிக் கொடுத்த இடத்தில் யாரும் என்னிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தில் ஆங்கிலத்தில் இருந்ததாம்.

லுங்கி வியாபாரம் செய்யும் என் கணவர், "நீ படுத்துவிட்டால் இரண்டு பிள்ளைகளையும் உன்னையும் யார் பார்ப்பது? கலைத்துவிடலாம்" என்கிறார். மாமியாரோ, "தானாக வந்ததை வேண்டாம் என்று சொல்லக்கூடாது" என்கிறார். இருவரும் என் எதிரில் உட்கார்ந்துதான் பேசுகிறார்கள். என்னிடம்தான் யாரும் பேசவில்லை. விவரம் அறிந்தவர்கள் இரு பக்கமும் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

காட்பாடி வாத்தியார்:

சகோதரி, கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் தங்கைக்கும் இதே நோய். கர்ப்பமாக இருந்த ஒன்பது மாதமும் அவள் எங்கள் வீட்டிலேயே ஆரோக்கியமானவளாக இருந்தாள், மாடிப்படியைத் தடையில்லாமல் ஏறினாள். நாங்களும் நோய் போய்விட்டது என்றே நம்பினோம். குழந்தை பிறந்த ஐந்தாவது வாரம், தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பியவளுக்கு வலது கால் மடங்கியது. பிள்ளையைக் கீழே போடாமல் நெஞ்சோடு அணைத்தபடி சுவரில் சரிந்து உட்கார்ந்தாள். அந்தச் சுவரில் அவள் முழங்கை உரசிய தடத்தின் மேல் இரண்டு முறை வெள்ளையடித்தாயிற்று. எனக்கு இன்னும் தெரிகிறது. அன்று எடுத்த கைத்தடியை அவள் கீழே வைக்கவில்லை.

உங்களுக்கு ஏற்கெனவே ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கு நடமாடும் அம்மா வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். ஏழு வாரத்தில் மாத்திரையாலேயே முடியக்கூடியதை, நாளைத் தள்ளிப்போட்டுப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டாம்.

வாலாஜா அக்கா:

வாத்தியார் ஐயா, உங்கள் தங்கைக்கு நேர்ந்ததை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒருவருக்கு நேர்ந்ததை எல்லோருக்கும் விதியாக எழுதிவிட முடியாது. எனக்கு எம்.எஸ். வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதற்குப் பிறகுதான் என் இரண்டு பிள்ளைகளும் பிறந்தார்கள்.

எம்.எஸ். உள்ள பெண் பிள்ளை பெறக் கூடாது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த எண்ணத்தை அசைத்தது 1998-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வு. பன்னிரண்டு ஐரோப்பிய நாடுகளில் 254 பெண்களின் 269 கர்ப்பங்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். கர்ப்பத்துக்கு முந்தைய ஆண்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 0.7 ரிலாப்ஸ், அதாவது நோய் மறுபடியும் கிளம்புவது, இருந்தது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில், அதே ஆண்டுக் கணக்கில், அது 0.2 ஆக இறங்கியது. பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதங்களில் ஆண்டுக்கு 1.2 என்ற கணக்குக்கு ஏறி, பிறகு பழைய அளவுக்கே திரும்பியது. அந்த மூன்று மாதங்களிலும் நூற்றில் எழுபதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. குழந்தைக்கு நோய் ஒட்டிக்கொள்ளும் என்ற பயமும் பலருக்கு உண்டு. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று என்ற அளவுதான்.

தங்கச்சி, பெற்றுக்கொள் என்று நான் சொல்லவில்லை. நோயின் பெயரைக் கேட்டதும் கலை என்பது பழைய பழக்கம் என்று மட்டும் சொல்கிறேன். வேலூர் பாகாயத்தில் 1966 முதல் நடக்கும் மறுவாழ்வு மையத்தை நினைத்துப் பாருங்கள். அதற்குக் காரணமாக இருந்த மருத்துவர் மேரி வர்கீஸ், விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்வற்றுப்போன பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர். அவர் வாழ்ந்த ஊரில் இருந்துகொண்டு, கால் தளர்ந்தால் வாழ்க்கையே முடிந்தது என்று நாம் பேசலாமா?

காட்பாடி வாத்தியார்:

மேரி வர்கீஸ் அம்மையாரின் பெருமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவரைச் சுற்றி ஒரு மருத்துவமனையே நின்றது. குடியாத்தத்து வாடகை வீட்டில் யார் நிற்பார்கள்?

நீங்கள் காட்டிய ஆய்வுக்கும் இரண்டு மறுப்புகள் வைக்கிறேன். முதலாவது, எழுபது பேருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், ஏறக்குறைய முப்பது பேருக்கு மூன்றே மாதத்தில் ஆகியிருக்கிறது. என் தங்கை அந்த முப்பதில் ஒருத்தி. அவளிடம் போய்ச் சராசரியைப் பேச எனக்கு வாய் வராது. இரண்டாவது, அந்த ஆய்வு நடந்த காலத்தில் டெரிஃப்ளூனமைடு சந்தைக்கே வரவில்லை. அது 2012-இல்தான் வந்தது. ஆகவே அந்த 254 பெண்களில் ஒருவர்கூட இந்தச் சகோதரியின் நிலையில் இல்லை. நோயைப் பற்றிய ஆறுதலை மருந்துக்கும் சேர்த்துக் கொடுப்பது முறையன்று.

வாலாஜா அக்கா:

இரண்டாவது மறுப்பு சரிதான், ஒப்புக்கொள்கிறேன். நான் அப்போது இன்டர்ஃபெரான் ஊசியில் இருந்தவள். கர்ப்பத்தில் அதைப் பற்றிய கவலை இதைவிடப் பல மடங்கு குறைவு.

ஆம்பூர் பயணி:

எதற்கு இவ்வளவு விவாதம்? பெற்றுக்கொள்வதென்றால் சிசேரியன்தான் செய்ய வேண்டும். அப்போதும் முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட விடக்கூடாது, போட்டால் கால் போய்விடும். எங்கள் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

பாகாயம் பிசியோ:

பக்கத்து வீட்டைத் தவிர வேறெங்கும் இதற்கு ஆதாரம் கிடையாது. எம்.எஸ். என்ற ஒரே காரணத்துக்காக சிசேரியன் தேவையில்லை. முதுகில் போடும் ஊசி ரிலாப்ஸைக் கூட்டுவதாக மேலே சொன்ன ஆய்விலேயே தெரியவில்லை.

இனி கேள்வி கேட்டவருக்கு. நான் பிசியோதெரபிஸ்ட், மருந்து பற்றிய முடிவு உங்கள் நரம்பியல் மருத்துவருடையதும் மகப்பேறு மருத்துவருடையதும் ஆகும். ஆனால் இந்த வாரம் தீர்மானிக்க வேண்டியது "தொடர்வதா, கலைப்பதா" என்பது அன்று. உடம்பில் இருக்கும் மாத்திரையை வெளியேற்றுவதுதான். டெரிஃப்ளூனமைடு நிறுத்தினாலும் தானாகக் கழிய மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு இரண்டு ஆண்டுகள்கூட இரத்தத்தில் தங்கும். கல்லீரல் அதைப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்ப, குடல் மறுபடியும் உறிஞ்சிக்கொள்கிறது என்பதே காரணம். கொலஸ்டிரமின் என்ற தூளைத் தண்ணீரில் கரைத்து நாளைக்கு மூன்று வேளை, பதினோரு நாள் குடித்தால், அது குடலிலேயே மருந்தைப் பிடித்து வெளியே கொண்டுபோய்விடும். பிறகு இரத்தத்தில் அளவு லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று, பதினான்கு நாள் இடைவெளியில் இரண்டு முறை பார்ப்பார்கள்.

கருவுக்கு என்ன ஆகும் என்பதில் இரு பக்கத்தையும் சொல்கிறேன். எலியிலும் முயலிலும் குறைபாடுகள் உண்டானதால்தான் இம்மருந்தைக் கர்ப்பத்தில் தடுத்திருக்கிறார்கள். தவறிக் கருத்தரித்த பெண்களைப் பற்றி இதுவரை திரட்டிய பதிவுகளில் குறைபாடுகள் வெளிப்படையாகக் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் "பாதுகாப்பானது" என்று சொல்லிவிடும் அளவுக்கு அந்த எண்ணிக்கை பெரிதன்று.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தே போதும். இருபது முதல் இருபத்துநான்கு வரை, விதிகளில் சொல்லப்பட்ட சில பிரிவினருக்கு இரண்டு மருத்துவர்கள் ஒப்ப வேண்டும். அதற்கு மேல், கருவில் பெரிய குறைபாடு இருந்தால் மருத்துவக் குழு முடிவு செய்யும். பதினெட்டு வயது நிறைந்த பெண்ணின் ஒப்புதல் மட்டுமே சட்டத்துக்குத் தேவை. கணவரின் கையெழுத்தோ மாமியாரின் சம்மதமோ அதில் இல்லை. கருவின் உறுப்புகளை விரிவாகப் பார்க்கும் ஸ்கேன் பதினெட்டாம் வாரத்தை ஒட்டி வரும்.

காட்பாடி வாத்தியார்:

சட்டம் இருபது வாரம் தருகிறது என்பது உண்மை, மனம் தருமா? பதினெட்டு வாரத்தில் அசைவு தெரியத் தொடங்கிவிடும். வயிறு தெரிந்து, தெருவே விசாரித்த பிறகு ஸ்கேனில் ஒன்று தெரிந்தால், அப்போது எடுக்கும் முடிவு இன்று எடுப்பதைவிடப் பல மடங்கு கொடியது. "காத்திருந்து பார்க்கலாம்" என்பது நடுநிலை போலத் தோன்றுகிறது. அதுவும் ஒரு முடிவுதான்.

பாகாயம் பிசியோ:

ஐயா சொல்வதில் உண்மை இருக்கிறது. நான் அதை இலேசாகச் சொல்லிவிட்டேன்.

வாலாஜா அக்கா:

ஐயா மெய்யாகக் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: பிரசவத்துக்குப் பிறகு அந்த மூன்று மாதம் யார் இருப்பார்கள்? அதற்கு நான் பட்டதைச் சொல்கிறேன்.

மூத்தவன் பிறந்தது சித்திரையில். பிள்ளை பெற்றவள் குளிர்ந்துவிடக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, உடம்பு பொறுக்கும் கடைசி சூடு வரை வெந்நீர் ஊற்றினார்கள். நரம்பின் உறை தேய்ந்தவர்களுக்கு உடம்புச் சூடு சற்றே ஏறினாலும் பழைய தொல்லைகள் எல்லாம் எழுந்து வரும். மூன்றாம் நாள் என் கண் மங்கியது. ரிலாப்ஸ் என்று அலறினோம். மருத்துவர் மின்விசிறியைப் போட்டு, ஈரத்துணி கொடுத்து, ஒரு மணி நேரம் உட்கார வைத்தார். பார்வை திரும்பிவிட்டது. ஆகவே தங்கச்சி, மாமியாரிடம் முதலில் பேச வேண்டியது வெந்நீரைப் பற்றி. உனக்குக் கணக்குப்படி மார்கழி வருகிறது. வேலூர்க்காரிக்கு அதைவிட நல்ல மாதம் கிடையாது.

இளையவள் பிறந்தபோது ஏழாம் வாரத்தில் உண்மையாகவே ரிலாப்ஸ் வந்தது, கால் பலமிழந்தது. ஐந்து நாள் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு ஏற்றினார்கள். ஒவ்வொரு டிரிப்ஸுக்கும் பிறகு சில மணி நேரம் விட்டுப் பால் கொடுக்கச் சொன்னார்கள். அந்த முறை நாங்கள் ஏற்பாட்டோடு இருந்தோம். கட்டிலை எடுத்துவிட்டுத் தரையில் மெத்தை விரித்திருந்தோம், விழுந்தாலும் உயரம் இல்லை. இரவு பத்திலிருந்து இரண்டு வரை பிள்ளை கணவர் பொறுப்பு. நின்றுகொண்டு பிள்ளையைத் தூக்குவது எனக்குத் தடை. உட்கார்ந்த பின் மடியில் கொண்டுவந்து வைப்பார்கள். மூன்று மாதத்தில் கால் திரும்பியது, முழுதாக இல்லை.

காட்பாடி வாத்தியார்:

இரவு பத்திலிருந்து இரண்டு வரை நான் என்று சொல்லும் ஆண் எங்கள் வீட்டில் இருக்கவில்லை. என் மைத்துனரை மட்டும் சொல்லவில்லை. நானும் அடுத்த அறையில்தான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

என் கருத்து மாறவில்லை. ஆனால் சகோதரி, உங்கள் கணவரிடம் இந்த நேரக் கணக்கைக் கேளுங்கள். அவருடைய பதில் எதுவோ, அதை வைத்து முடிவு செய்யுங்கள். மருந்தைப் புதிதாக எப்போது தொடங்குவது என்பதையும் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; என் தங்கைக்கு அதை யாரும் யோசிக்கவே இல்லை.

கௌண்டன்யக்கரை:

பத்து நாளாக எழுத முடியவில்லை, எல்லோருக்கும் நன்றி. நரம்பியல் மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் ஒரே நாளில் பார்த்தோம். மாத்திரையை நிறுத்தித் தூளைத் தொடங்கியிருக்கிறார்கள். இன்று நான்காம் நாள். ஆற்று மணலைக் கரைத்துக் குடிப்பது போல் இருக்கிறது; மசக்கை வேறு. மோரில் கலந்தால் ஓரளவு இறங்குகிறது.

இரவு பத்திலிருந்து இரண்டு வரை என்ற கேள்வியை அவரிடம் கேட்டேன். வெகு நேரம் பேசவில்லை. மறுநாள் காலையில், சந்தைக்குப் போகும் வேலையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஆறு மாதம் கணக்கெழுதுவதை வீட்டில் வைத்துக்கொள்ள முடியும் என்றார். மாமியார் மின்விசிறிக்குச் சம்மதித்துவிட்டார். வெந்நீருக்கு இன்னும் இல்லை. முடிவை நான் இன்னும் சொல்லவில்லை, யாரிடமும். இரத்தத்தில் அளவு இறங்கியதைப் பார்த்த பிறகு சொல்கிறேன் என்றிருக்கிறேன். வாத்தியார் ஐயா, காத்திருப்பதும் ஒரு முடிவு என்று தெரிந்தேதான் காத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம்: ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தூளோடு சேர்த்தே விழுங்கிவிடலாமா?

பாகாயம் பிசியோ:

சேர்க்காதீர்கள், டெரிஃப்ளூனமைடைப் பிடிப்பது போலவே அதையும் பிடித்துக்கொண்டு போய்விடும். தூளுக்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது குடித்து நான்கு மணி நேரம் கழித்து எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வேளை உங்களுக்கு ஒத்துவரும் என்று மருந்து கொடுத்தவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.